பெயர் நீக்கப்பட்ட மகள்

தனிமனித அந்தரங்கத்தைக் காப்பாற்ற உலகில் எத்தனையோ பேர் மேடையேறிப் பேசியிருக்கிறார்கள், வழக்குப் போட்டிருக்கிறார்கள், சிலர் சிறைக்கும் போயிருக்கிறார்கள். அதற்காக, பெற்ற மகளின் அந்தரங்கத்தையே எடுத்துக் கொடுத்தவர் ஒருவர்தான். அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். அவருடைய அந்தரங்கத்தை மதித்து இங்கே பெயரைச் சொல்லப்போவதில்லை. பி பிளாக், மூன்றாவது மாடி, லிப்டை விட்டு வெளியே வந்ததும் இடதுபக்கக் கதவு. அதற்குமேல் கேட்காதீர்கள்.

இந்தச் செயலாளர், பார்த்துவந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களுக்கு அந்த ஓய்வு கிடைக்காமல் பார்த்துக்கொண்டவர். காலையில் பல் துலக்கும் முன்பே குடியிருப்போர் குரூப்பில் அவருடைய அறிக்கை வந்துவிடும். 'ஏ பிளாக்கில் குப்பையைத் தரம் பிரிக்காமல் போட்டவரின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. கோடு போட்ட அரைக்கால்சட்டை. கேமராப் படம் இணைக்கப்பட்டுள்ளது. தகவலுக்காக மட்டும்.' எல்லா அறிக்கையும் அந்த இரண்டு சொற்களில்தான் முடியும். அவை இருந்தால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அவருடைய துணிபு.

கோடு போட்ட அரைக்கால்சட்டைக்காரர் புகார் கொடுத்தார். அந்தரங்கம் பறிபோகிறது என்றார். சங்கம் சும்மா இருக்குமா? அவசரக் கூட்டம் கூட்டிக் கடும் நடவடிக்கை எடுத்தது. 'சமூக ஊடகமும் அந்தரங்கமும்' என்ற தலைப்பில் வாதக் கட்டுரைப் போட்டி அறிவித்தது. எழுதுபவர் பெயர் தாளில் இருக்கக் கூடாது, எண் மட்டுமே. நடுவர் சங்கத் தலைவர். பரிசு வழங்குபவரும் தலைவர். நடுவரின் தீர்ப்பில் குறை இருந்தால் முறையிட வேண்டிய இடமும் தலைவர்.

இந்தத் தலைவர்தான் தெருமுனையில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முதலாளி. செயலாளரின் மகள் அங்கேதான் வேலை பார்த்தாள்.

செயலாளர் கட்டுரையை ஒரு போர்த் திட்டம் போல வகுத்தார். வாதக் கட்டுரை எழுதுவது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்தார். வாதம், சான்று, எதிர்வாதம், மறுப்பு, முடிவு. ஐந்து நிறக் காகிதங்களில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். மனைவிக்குக் கைப்பிடி எங்கே என்று தெரியவில்லை.

எதிர்வாதத்துக்கு அவர் வெளியே போகத் தேவையிருக்கவில்லை. அது வீட்டிலேயே இருந்தது.

"பிரைவசி பத்தி நீங்களா எழுதப்போறீங்க?" என்றார் மனைவி.

"ஏன், எழுதக்கூடாதா?"

"எனக்கு முதுகுல சுளுக்குன்னு குரூப்புல போட்டீங்களே, மறந்துபோச்சா? நாலு பேரு எண்ணெய் எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நின்னாங்க."

"அது அக்கறை. பிரைவசி வேற."

"எது வேற?"

"அதைத்தான் கட்டுரையில சொல்லப்போறேன். நீ கொஞ்சம் நகரு, எதிர்வாதம் மறைக்குது."

வாதம் ஒரே மூச்சில் வந்தது. சமூக ஊடகம் நம் வீட்டுக்குள் புகுந்த திருடன் என்று எழுதினார். அதைப் படம்பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார். பேனா, மூக்குக்கண்ணாடி, தாளின் மூலையில் போட்டி எண் ஏழு. 'முதல் பத்தி முடிந்தது. தகவலுக்காக மட்டும்.' எழுபது பேர் பார்த்தார்கள். இப்படி எழுதியவர் யார் என்ற ரகசியம் பத்திரமாக இருந்தது.

சான்றில்தான் மாட்டிக்கொண்டார். சான்று இல்லாத வாதம் சக்கரமில்லாத வண்டி என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் வண்டி நகரவில்லை. இரண்டாம் நாள் மாலை சாப்பாட்டு மேசையில் மகள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஏம்மா, நம்ம பில்டிங்ல பாதிப் பேரு ரத்தம் குடுக்கறது உங்க லேப்லதானே?"

"ஆமா."

"யாருக்காவது ஏதாவது விவகாரமா வந்திருக்கா?"

"விவகாரமான்னா?"

"சுகரு, கிகரு... குறிப்பா சி பிளாக்ல. கட்டுரைக்கு ஒரு சான்று வேணும். பேரு போடமாட்டேன்."

"எதைப் பத்தின கட்டுரைப்பா?"

"அந்தரங்கம்."

மகள் தட்டைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, வேறு எதையாவதா என்று தெரியவில்லை.

"அதையெல்லாம் வெளிய சொன்னா என் வேலை போயிடும்."

"அப்பாகிட்டக்கூடவா?"

"அப்பாகிட்டச் சொன்னா முதல்ல போயிடும்," என்றார் மனைவி, குழம்பை ஊற்றியபடி.

மறுநாள் மகளே அவரிடம் வந்தாள். அவளுடைய படிப்புச் சான்றிதழ்களின் அசல், செயலாளரின் இரும்பு அலமாரியில் இருந்தது. அலமாரியின் சாவி அவருடைய இடுப்பில் இருந்தது. வேறு வழி இருந்திருந்தால் அவள் வந்திருக்கமாட்டாள்.

"எதுக்கும்மா ஒரிஜினல்?"

அவள் அறைக் கதவைச் சாத்தினாள். "பெரிய ஆஸ்பத்திரி லேப் ஒண்ணுல இன்டர்வியூ முடிஞ்சிருச்சு. எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. ஆனா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கேப்பாங்க. அதை எங்க ஓனர்தான் தரணும். இதுக்கு முன்னாடி வேலையை விட்டுப் போனவங்களை எல்லாம் அலைய அலைய விட்டிருக்காருப்பா. ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் அவர்கிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. அம்மாகிட்டகூடச் சொல்லலை."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

"குரூப்புல?"

"நான் என்ன பைத்தியமா?"

மகள் அலமாரியைப் பார்த்தாள். செயலாளர் சாவியை நுழைத்தார்.

"ஆமா, இந்த வேலை இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"போன்ல ஒரு தடவை தேடினேன். அதுக்கப்புறம் எதைத் திறந்தாலும் வேலை விளம்பரம்தான். அதுல வந்ததுதான் இது."

சாவி பாதித் திருகலில் நின்றது. செயலாளரின் முகம் அப்படியே மலர்ந்தது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. சான்று."

"அதான் கேக்கறேன், சர்டிபிகேட்டை எடுங்க."

அன்றே இரண்டாம் பத்தி பிறந்தது. அதை அப்படியே தருவது நம் கடமை.

'எடுத்துக்காட்டாக, நாம் நன்கறிந்த ஓர் இளம்பெண். (பெயர் நீக்கப்பட்டுள்ளது.) தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் பணிபுரிகிறார். (நிலையத்தின் பெயர் நீக்கப்பட்டுள்ளது.) சான்றிதழ் கேட்டவர்களை அலைக்கழிக்கும் தம் முதலாளிக்கு (பெயர் நீக்கப்பட்டுள்ளது) அஞ்சி, ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை தேடுவதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஐயகோ, அவருடைய கைபேசி அதை மோப்பம் பிடித்துவிட்டது! பெற்ற தாய்க்கும் தெரியாததை ஒரு கைபேசி தெரிந்துகொள்ளலாமா? தெரிந்ததை ஊருக்கெல்லாம் பரப்பலாமா?'

படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. மகளுக்குக் கொடுத்த வாக்கும் ஒருகணம் நினைவுக்கு வந்தது. வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்றுதானே சொன்னோம், இது பேனாவிலிருந்து அல்லவா வந்திருக்கிறது என்று தெளிந்தார். மூன்று இடங்களில் பெயரை நீக்கியிருக்கிறோம். எழுதியவர் பெயரும் இல்லை. இத்தனை பூட்டுப் போட்ட பெட்டியை யார் திறப்பார்கள்? அமைதியாக ஸ்டேட்டஸ் வைத்தார். 'இரண்டாம் பத்தி முடிந்தது. சொந்த அனுபவம். நெஞ்சு கனக்கிறது. தகவலுக்காக மட்டும்.'

முடிவுரையில் அவர் தன்னையே மிஞ்சினார். 'எனவே, நம் வாழ்க்கையை யாரிடம் சொல்கிறோம் என்பதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.' இந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டார்.

பரிசளிப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. கார்களை வெளியே தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். லேப் ஊழியர்கள் வந்தே ஆக வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்ததால் மகளும் வந்திருந்தாள். தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல் பரிசு, எண் ஏழு," என்றார் தலைவர். "எழுதியவர் யார்னு எனக்குத் தெரியாது." கூட்டம் செயலாளரைப் பார்த்துக் கைதட்டியது. "இந்தக் கட்டுரையை நானே முழுசா வாசிக்க ஆசைப்படறேன்."

வாசித்தார். திருடன் வந்தான், கைதட்டல் வந்தது. இரண்டாம் பத்தியில் அவர் குரல் மெதுவானது. ஒவ்வொரு 'பெயர் நீக்கப்பட்டுள்ளது' என்ற இடத்திலும் சற்று நிறுத்தினார், மாத்திரையை விழுங்குபவரைப் போல. அந்தப் பெண் யார் என்று யாருக்கும் தெரியாததால், எல்லாத் தலைகளும் ஒரே பக்கமாகத் திரும்பின.

பின் வரிசைப் பெண்மணி ஒருவர் மகளின் தோளைத் தட்டினார். "வேற வேலையாம்மா? சொல்லவேயில்லை! நல்லா இரு."

"எனக்கே இப்பத்தான் தெரியுது," என்றார் தாய்.

மேடையில் தலைவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "சான்று ரொம்ப வலுவா இருக்கு," என்றார். பரிசைக் கொடுத்தார். வீட்டு வாசலில் மாட்டும் கேமரா.

வீட்டுக்கு வந்ததும் செயலாளர் கேமராப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே முந்திக்கொண்டார்.

"பேரே போடலையேம்மா!"

"தெருமுனையில லேப்பு ஒண்ணுதாம்பா. அந்த லேப்ல வேலை செய்யற பொண்ணு நான் ஒருத்திதான்."

"அது எதிர்வாதம். அதுக்கு மறுப்பு என்னன்னா..."

"அப்பா."

"உன்னைக் காட்டிக்குடுத்தது அந்தப் போனு. நான் அதைக் கண்டிச்சுல்ல எழுதியிருக்கேன்!"

"போன் யார்கிட்டயும் சொல்லலை. எனக்கு விளம்பரம் காட்டுச்சு, அவ்வளவுதான். நான் உங்ககிட்டச் சொன்னேன்."

செயலாளர் இதற்கு மறுப்புத் தேடினார். ஃபிரிட்ஜ் கதவில்கூட அது இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டர் வந்தது, அனுபவச் சான்றிதழோடு வந்து சேரவும் என்று. மகள் தலைவரிடம் போனாள். அவர் முகம் சுளிக்கவே இல்லை. உட்காரச் சொன்னார்.

"குடுக்கலாம்மா, தாராளமாக் குடுக்கலாம். ஆனா உன் பிரைவசி எனக்கு முக்கியம். சர்டிபிகேட்ல உன் பேரைப் போடலாமா, நீக்கிடலாமான்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

அவர் நிதானமாக யோசிக்கக் கூடியவர். யோசித்து முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. மகள் லேப்பிலிருந்து நின்றுவிட்டாள். செயலாளர் அவளுக்கு ஆறுதலாகக் குரூப்பில் ஒன்று போட நினைத்தார். மனைவி போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் மகள் பெட்டியோடு கிளம்பினாள். புதுக் கேமராவில் முதன்முதலாகத் தெளிவாகப் பதிவான காட்சி அதுதான். வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். எந்த ஊர், எந்த இடம், எங்கே தங்குகிறாள், எதுவும் சொல்லவில்லை. லிப்ட் கீழே போவதற்குள் குடும்பக் குரூப்பிலிருந்து விலகிவிட்டாள்.

மனைவிக்கு எல்லாம் தெரியும் என்பது செயலாளரின் சந்தேகம். அடிக்கடி கேட்டுப் பார்க்கிறார்.

"உனக்கு மட்டும் தினமும் போன் வருதே, எங்கதான் இருக்கா?"

"ஒரு ஊர்ல."

"ஊருக்குப் பேரு இல்லையா?"

"நீக்கியிருக்கு."

மாதம் ஒருமுறை அவருடைய போனுக்கும் மகளிடமிருந்து ஒரு செய்தி வருகிறது. 'நலம். தகவலுக்காக மட்டும்.' அவர் அதைப் பலமுறை படிக்கிறார். யாருக்காவது அனுப்பலாம் என்று பார்த்தால் அனுப்புவதற்கு அதில் எதுவும் இல்லை.

கட்டுரை இப்போது கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வாதக் கட்டுரையின் பெருமை பரிசில் இல்லை, படித்தவர் மனத்தை மாற்றுவதில் இருக்கிறது என்று வருகிறவர்களிடம் செயலாளர் சொல்கிறார். உண்மைதான். குடியிருப்பில் மற்ற எவரும் மாறவில்லை. கோடு போட்ட அரைக்கால்சட்டை இன்னும் குரூப்பில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு வாசகி, அடிக்கோடிட்ட அந்தக் கடைசி வரியை மனத்தில் வாங்கிக்கொண்டாள். யாரிடம் சொல்கிறோம் என்பதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கச் சொல்லியிருந்தார் தகப்பனார்.

மகளுக்கு ஒருமுறையே போதுமானதாக இருந்தது.