கமலைக் கிணற்றில் விழுந்த கால்பந்து

கூச்சப்படுகிறவனுக்குப் பேய் துரத்தினாலும் கத்த வராது. ஓடத்தான் வரும். நான் ஓடியிருக்கிறேன்.

அப்போது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். என் தங்கை சவேரியம்மா அருப்புக்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தாள். அங்கே புதிதாக வந்த வெள்ளைக்காரச் சிஸ்டர் ஒருவர் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்கிவிட்டார். லீவுக்குச் சவேரி பந்தோடு வந்தாள். வற்றிய கண்மாய்க்குள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் உதைப்பாள். கோல் காப்பவன் நான். (காத்தேன் என்று சொல்ல முடியாது. நின்றேன்.)

மதுரையில் ஒரு போட்டி வந்தது. நன்றாக ஆடினால் அங்கே விளையாட்டுப் பயிற்சிப் பள்ளியில் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்களாம். இல்லையென்றால் காரியாபட்டி மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அய்யா சொல்லிவிட்டார். போட்டிக்கு முந்தின நாள் பார்த்துப் பந்தில் கருவேல முள் ஏறியது. பள்ளிக்கூடத்துக்கே இருந்தது அந்த ஒரு பந்துதான். அது இல்லாமல் போனால் ஆட்டத்தில் அவளுக்கு இடமில்லை.

அருப்புக்கோட்டை சைக்கிள் கடையில் ஒட்டிக் காற்றடித்து, சாக்குப்பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பினேன். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் என்னை இறக்கிவிட்டபோது உச்சிப்பொழுது. ஊருக்குக் குறுக்குவழி ஒரு பாழுங்கிணற்றை ஒட்டிப் போகும். முன்பு அதில் மாடு கட்டிக் கமலை இறைத்த பெரியவர் மாட்டோடு உள்ளே விழுந்து செத்தார். உச்சிவெயிலில் அவர் ஏதாவது கேட்பார், பதில் சொன்னவர்கள் ஊரில் தங்கமாட்டார்கள் என்று பேச்சு.

காற்று இல்லை. ஒரு காக்கைகூட இல்லை. என் நிழலும் காலுக்கடியில் ஒளிந்துகொண்டது. அப்போது யாரோ என் முதுகில் மெதுவாகத் தட்டினார்கள்.

நின்றேன். தட்டல் நின்றது. நடந்தேன். தட்டினார்கள். வேகமாக நடந்தேன், வேகமாகத் தட்டினார்கள். ஓடினேன். தடதடவென்று அறை விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் தோளை ஒரே உதறாக உதறினேன். கிணற்றுக்குள் 'தொப்'பென்று சத்தம். முதுகு லேசானது.

பேய் போய்விட்டது. பந்தும் போய்விட்டது.

வாசலிலேயே சவேரி மறித்தாள். "ஏண்ணே, பந்து எங்க?"

"கெணத்துல."

"கெணத்துலயா? யாரு போட்டா?"

"முதுகுல தட்டுனாக..."

"எவுக? பையில கெடந்த பந்துதாண்ணே தட்டிருக்கும்! இப்ப வா எங்கூட."

வடக்கயிற்றைத் தூக்கிக்கொண்டு என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். கயிற்றைக் கமலைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். மறுமுனை என் கையில். ஜெபமாலைச் சிலுவையைப் பல்லில் கவ்விக்கொண்டு கண்ணை இறுக மூடினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆழத்திலிருந்து அவள் குரல் வந்தது. "கெடச்சிருச்சு! இந்தா வாரேன்."

சொட்டச்சொட்ட மேலே வந்தாள். கக்கத்தில் பந்து. "என்னண்ணே, என்னைக்கும் இல்லாத பாசம்?"

நான் விழித்தேன்.

"'பந்து கெடச்சுதா தாயி'ன்னு அம்புட்டுப் பாசமாக் கேட்டியே. நீ என்னைத் தாயின்னு கூப்பிட்டதே இல்லயே?"

என் வாயில் சிலுவை அப்படியே இருந்தது. அதை எடுத்து அவளிடம் காட்டினேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தோம். (பந்தைச் சுமந்துகொண்டும் அவள்தான் முந்தினாள்.)

மறுநாள் மதுரையில் இரண்டு கோல் போட்டாள். பயிற்சிப் பள்ளி கிடைத்தது. அந்தப் பள்ளி அணிக்கே தலைவியானாள். திருச்சி, மெட்ராஸ் என்று ஆடப் போனாள். இப்போது எங்கோ தூரத்துப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஊருக்கு விருந்தாளியாகத்தான் வருகிறாள். இரண்டு நாளுக்கு மேல் அவளுக்குக் கால் தரிக்காது.

வந்ததும் பூனைபோல் பின்னால் வந்து என் முதுகில் தட்டுவாள். நான் துள்ளுவேன். என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "நெசமாச் சொல்லுண்ணே, அன்னைக்கு நீதானே கேட்ட?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். கையை மட்டும் என் முதுகிலிருந்து எடுக்கமாட்டாள்.

நான் பதில் சொல்வதில்லை. இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறேன்.