நாங்கள் குழந்தைப் பிரிவு

அந்தப் பல்கலைக்கழகம் ஒரு கல்வியாண்டின் நடுவில் திடுக்கிடும் உண்மை ஒன்றைக் கண்டறிந்தது. படிக்க வருகிறவர்களில் சிலருக்குக் குழந்தைகள் இருந்தன. முன் அனுமதி எதுவும் பெறாமலே இருந்தன. இது எப்படி நேர்ந்தது என்று ஆராய ஒரு குழு போடப்பட்டது. எப்படி நேரும் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் பலமுறை கூடி, பிஸ்கட் தீரும்வரை விவாதித்து, "பெற்றோராகிய மாணவர் பெருநல மையம்" ஒன்றைத் திறந்தார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஒன்று திறந்துவிட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டுமா என்ன?

மையத்தை அழகில் குறை சொல்ல முடியாது. சுவரில் ஒட்டகச்சிவிங்கி. தரையில் மெத்தை. கண்ணாடி அலமாரியில் உறை பிரிக்காத பொம்மைகள். அலமாரிச் சாவி இயக்குநரிடம். இயக்குநர், குழந்தை வளர்க்கும் மாணவர்களின் துயரங்களைப் பற்றிப் பேச வெளிநாடு போயிருந்தார். ஆக, மையத்தில் இருந்தது சூப்பிரண்டு ஒருவர்தான். குழந்தை என்று ஒன்று அதுவரை வரவில்லை.

முதலில் வந்தது வாலு. இரண்டு வயது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள் வேதியியல் கடைசி வருட மாணவி. வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் அவளுக்கு அக்கா என்றே பெயர். கணவன் லாரி ஓட்டுகிறான், கிளம்பினால் திரும்ப வாரக்கணக்காகும். வாலுவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தை வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. இன்னொரு வருடம் படிக்க அக்காவுக்குத் தெம்பில்லை. அதை நினைத்தாலே அழுகை வந்தது.

"தாராளமா விட்டுட்டுப் போகலாம்மா" என்றார் சூப்பிரண்டு. அக்காவுக்கு உயிர் வந்தது. "ஆனா நீங்களும் கூடவே இருக்கணும்."

"விட்டுட்டுப் போனப்புறம் எப்படி சார் கூட இருக்கிறது?"

"தாய் இல்லாத நேரத்துல குழந்தை விழுந்துட்டா யார் பொறுப்பு? அதனால தாய் உடனிருக்கணும்னு விதி."

"நான் இங்க உட்கார்ந்திருந்தா தேர்வை யார் சார் எழுதறது?"

"அது தேர்வுப் பிரிவும்மா. நாங்க குழந்தைப் பிரிவு."

இதற்குள் வாலு அவருடைய பேனாவை எடுத்து ஒட்டகச்சிவிங்கிக்கு மீசை வரைந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே சூப்பிரண்டு ஒரு வழி சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. விதிக்குப் பக்கத்தில் சந்து இருந்தால் காட்டிக்கொடுக்கிறவர்தான்.

"மையத்துக்குன்னு ஒரு ஆயா இருந்தா தாய் உடனிருக்க வேண்டியதில்ல. அந்த இடம் காலியாதான் இருக்கு. ஆயாவா வர்றவங்க இங்கயே படிக்கணும், சொந்தமா குழந்தை வளர்த்த அனுபவமும் இருக்கணும். அப்படி யாரும் கிடைக்கல."

"சார், நான் இருக்கேனே!"

அன்றே இயக்குநரிடம் போனில் அனுமதி வாங்கி, அக்காவை மழலை நலப் பராமரிப்பாளராக நியமித்தாயிற்று. அவள் கும்பிடாத குறை.

"அப்ப வர்ற வாரம் நான் தேர்வுக்குப் போகலாமா சார்?"

"தாயா நீங்க தாராளமா போகலாம். இப்பதான் ஆயா இருக்காங்களே."

"நன்றி சார்."

"ஆயாவா நீங்க இங்கதான் இருக்கணும்."

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று அக்கா அன்றிரவு தூங்கவில்லை. மறுநாளிலிருந்து வேதியியலை ஓரமாக வைத்துவிட்டு மையத்தின் விதிகளைப் படிக்க ஆரம்பித்தாள். படித்தவளுக்கு எதைப் படித்தால் என்ன?

தேர்வு நாள் வந்தது. அன்றைக்கென்று பார்த்து வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழுவும் வருவதாக இருந்தது. சூப்பிரண்டு புதுச் சட்டையில் வந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். ஆயாவுக்கு அவசரத் தேவைன்னா குழந்தைக்கு யார் பொறுப்பு?"

"நான்தான். விதி ஒன்பது."

"அவசரம் சார்" என்று வாலுவை அவர் கையில் திணித்துவிட்டு அக்கா ஓடினாள். ஓடினவள் ஆய்வகத்தில் போய்த்தான் நின்றாள். கரைசல் நிறம் மாற வேண்டிய இடத்தில் மாறியது.

மதியம் திரும்பி வந்தாள். சூப்பிரண்டு யானையாக இருந்தார். முதுகில் வாலு. புதுச் சட்டை முழங்கை கிழிந்திருந்தது.

"எங்கம்மா போனீங்க?"

"அவசரத் தேவை சார்."

"காலையிலேருந்தா?"

"விதியில நேரம் எதுவும் போடலையே சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. தன் இனத்தைக் கண்டுகொண்ட பார்வை.

மதிப்பீட்டுக் குழு வந்து போய்விட்டிருந்தது. உயர் அலுவலரே யானையாகித் தவழும் நிறுவனத்தைத் தாங்கள் எங்கும் கண்டதில்லை என்று எழுதி, கேடயமும் தந்திருந்தார்கள். இயக்குநர் சாவியோடு திரும்பி வந்ததும் அது பொம்மைகளோடு அலமாரிக்குள் போயிற்று, உறை பிரிக்காமல். அவர் இதைப் பற்றிப் பேச மறுபடி வெளிநாடு போனார். விதி ஒன்பது உடனே திருத்தப்பட்டது: அவசரத் தேவை ஐந்து நிமிடத்துக்கு மிகாமல்.

அக்கா தேறினாள். மேற்படிப்பிலும் சேர்ந்தாள். ஆயா வேலை நிரந்தரமாயிற்று. தனி மேசை, சுழல் நாற்காலி. ஒட்டகச்சிவிங்கிக்கு அடியில் வாலு விளையாடும், அவள் படிப்பாள். பெருநல மையம் ஒருத்திக்காவது பெருநலம் செய்தது என்பதை மறுக்க முடியாது.

ஒரு பகல். வாலு அப்போதுதான் தூங்கியிருந்தது. மறுநாள் அவளுக்குத் தேர்வு, படிக்க இரண்டு பாடம் பாக்கி. முதல் வருட மாணவன் ஒருவன் தோளில் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றான். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, நாளைக்கு எனக்குத் தேர்வு. இவ அம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. காலையில மட்டும் இவளை இங்க விடலாமா?"

அக்கா எழுந்துபோய்க் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஆயா இருந்தால் தகப்பன் உடனிருக்க வேண்டியதில்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் நாளைக்குத் தேர்வெழுத அவளே லீவு போட்டிருந்தாள், லாரியிலிருந்து இறங்கியிருந்த அப்பாவிடம் வாலுவை விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. வாலு புரண்டு படுத்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தாராளமா விடலாம்ப்பா. நாளைக்கு ஆயா லீவு. அதனால நீயும் கூடவே இருக்கணும்."

"நான் இருந்தா தேர்வை யாருக்கா எழுதறது?"

பக்கத்து மேசையில் சூப்பிரண்டு கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் வாயைத் திறக்குமுன் அக்கா சொல்லிவிட்டாள்.

"அது தேர்வுப் பிரிவுப்பா. நாங்க குழந்தைப் பிரிவு."