ஏழு அம்ச மனுவும் கௌரியின் முன் பெஞ்சும்

போன மாதம் எனக்கு இருந்த வேலை ஒரு நிமிட வீடியோவில் நடிப்பது. அவ்வளவுதான்.

சித்தூரில் ஒரு பள்ளிக்கூடம். சிறப்புக் கல்வி டீச்சர் வசந்தா கூப்பிட்டார். எட்டாம் வகுப்பு கௌரிக்குக் காது மந்தம். கடைசி பெஞ்சில் போட்டிருக்கிறார்கள். பாடம் ஒன்றும் எட்டவில்லை. முன் பெஞ்சு கேட்க வாய் வரவில்லை. எப்படிக் கேட்பது என்று ஒருவர் நடித்துக் காட்டினால், திரும்பத் திரும்பப் பார்த்து அப்படியே செய்யப் பழகுவாளாம்.

கேட்பதற்கு என்னை விட்டால் யார்? முப்பது வருஷம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கேட்டவன். கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஏழு அம்ச மனுவோடு போனேன். முதல் அம்சம் அரசியல் சட்டம். முன் பெஞ்சு ஆறாவது.

டீச்சர் போனை ஸ்டாண்டில் மாட்டினார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"எதுக்கண்ணா கீழ உக்காந்துக்கினீங்க?"

"தர்ணாம்மா."

"நாம இன்னும் கேக்கவே இல்லியேண்ணா."

நியாயம்தான். எழுந்து, முஷ்டியை உயர்த்தி, நிர்வாகமே பதில் சொல் என்றேன். ஓரமாக நின்ற கௌரி இரண்டடி பின்வாங்கினாள்.

டீச்சர் என் வலப்பக்கம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எரிச்சலில், "இந்தப் பக்கம் காது கேக்காதும்மா. இப்பிடி வந்து சொல்லுங்க" என்றேன்.

வந்து சொன்னார். நான் இப்போது கேட்ட அந்த ஐந்து நொடிதான் வேண்டுமாம். மற்றதெல்லாம் வெட்டாம்.

தோழர்களுக்கே தெரியாமல் பல வருஷம் மறைத்த காது. முடியாது என்று வாயெடுத்தேன்.

"உங்களுக்கும் கேக்காதா தாத்தா?" என்றாள் கௌரி.

போட்டுத் தொலைங்க என்றேன்.

ஒரு வாரம் பார்த்தாள். பிறகு கணக்கு வாத்தியாரிடம் போனாள். என் எரிச்சல் முகம்கூட அப்படியே.

"பின்னாடி கேக்கல சார். முன்னாடி உக்காந்துக்கிறேன்."

அவர் முதல் பெஞ்சைக் காட்டினாராம். மனு இல்லை, கோஷம் இல்லை, அரை நிமிஷம். சந்தோஷம்தான். வயிறும் எரிந்தது.

வீடியோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஊர் ஊராகச் சுற்றியது.

போலீஸ் கலைந்து போகச் சொல்வது என் காதில் அதுவரை விழுந்ததே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. போன வாரம் திருப்பதி தர்ணாவில் இன்ஸ்பெக்டர் பொறுமையாகச் சுற்றி வந்து, இடது காதுப் பக்கம் குனிந்து, எழுந்திருக்கச் சொன்னார்.

கேட்டுவிட்டது.