பரம்பரை மொட்டை

கருமுட்டை தானம் என்பது மிகவும் பொறுப்பான காரியம். மனசு இருக்கிறவள் கொடுத்துவிடலாம். ஆனால் அவள் தகுதியானவள்தானா என்று தீர்மானிக்க ஓர் ஆபீஸ் வேண்டாமா?

சத்தியவேட்டு சுமித்ராவுக்கு மனசு இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் "விசேஷம் உண்டா?" என்று கேட்டுக் கேட்டே ஊர் அவள் உசிரை எடுத்தது. அப்புறம்தான் யஸ்வந்த் பிறந்தான். தான் பட்ட பாடு இன்னொருத்தி படவேண்டாம் என்று திருப்பதியில் ஒரு கருமுட்டை வங்கிக்கு வந்திருந்தாள். வயசுதான் இடித்தது. முப்பத்தைந்து தாண்டினால் ஆகாது என்பது விதி. தீபாவளி வந்தால் அவளுக்கு முப்பத்தாறு.

சும்மா சொல்லக்கூடாது, உடம்பு தங்கம். ரத்தம், சர்க்கரை, தைராய்டு, ஸ்கேன், எல்லாம் பாஸ். மனநல ஆலோசகர்கூட, "யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்டு, இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கையெழுத்துப் போட்டார். மிச்சம் ஒரே மேஜை. அங்கே இருந்தவர் தோற்றப் பொருத்த அலுவலர் ஹரிபிரசாத்.

முக்காட்டை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். மகனுக்காக நேர்ந்துகொண்ட முடியை முந்தாநாள்தான் மலையில் கொடுத்திருந்தாள்.

"முடி எங்கம்மா?"

"மலையில இருக்குது சார்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. தலையில இருக்குதா, இல்லியா?"

"இல்ல சார்."

'முடி: இல்லை' என்று பதிந்துகொண்டார். "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்தப் பிரச்சினை?"

சுமித்ரா செல்போனில் போட்டோவைக் காட்டினாள். மலைமேல் நைனா கன்னையா, அம்மா, அவள், யஸ்வந்த், புருஷன் பவன்குமார், அஞ்சு பேரும் பளபளவென்று நின்றிருந்தார்கள். இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தாள்.

"அப்பா, அம்மா, நீங்க, பையன். மூணு தலைமுறை," என்றார் ஹரிபிரசாத். "பரம்பரை மொட்டை."

"வேண்டுதல் சார். இதோ, என் வீட்டுக்காரரும் போட்டிருக்காரு. அவருக்கும் எனக்கும் ஏது பரம்பரை?"

அலுவலர் யோசித்தார். கேள்வி நியாயம்தான். முடிவையும் நியாயமாகவே எடுத்தார். "அப்போ இது தொத்தும் போலக்குது."

"வெளிய பாருங்க சார். ஊரே மொட்டையாத்தான் சுத்திக்கினு இருக்குது."

"அதத்தான் நானும் சொல்றேன். எவ்ளோ வேகமாப் பரவுது பாருங்க."

அவர் தலையில் நாலே முடி, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குப் பாலம் போட்டிருந்தது. சுமித்ரா அதைப் பார்த்தாள்.

"இது ஆபீஸ் டென்ஷன்," என்றார். "சூடம்மா, இங்க பாருங்க, கேக்கறவங்க இடுப்பு வரைக்கும் முடி கேக்கறாங்க. வளத்துக்கினு வாங்க."

"அதுக்குள்ள வயசு போயிடும் சார்."

"வயசு வேற மேஜை."

அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் ரூபா என்றொருத்தி, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு இருந்தாள்.

"முட்டை குடுக்க ஆளு கெடைக்கணும்னு வேண்டிக்கினு காலையிலதான் முடி குடுத்தேன்க்கா," என்றாள். "இடுப்பு வரைக்கும் முடி இருக்கற பொண்ணா கேட்டிருக்கோம். ஒருத்தியும் கெடைக்கலியாம். ஒங்கள எதுக்குக்கா தள்ளிட்டாங்க?"

'பரம்பரை மொட்டை, தொத்தும்' என்று ஹரிபிரசாத் எழுதிக் கொடுத்திருந்த சீட்டை சுமித்ரா நீட்டினாள். ரூபா அதை நிதானமாகப் படித்தாள். பிறகு தன் மொட்டைமேல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.