எட்டும் எட்டும் நாலு

பேஸ்காரருக்கு அந்த வீட்டில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது கடைசி ரூம் ஒன்றுதான். ரூம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நின்று சோம்பல் முறித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். ஆனாலும் ஆபீஸ் விட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பேஸ் கிடாரை மடியில் வைத்து அடித்தந்தியை ஒரு தட்டுத் தட்டினால்தான் மனுஷனுக்குப் போன உயிர் திரும்பி வரும். அந்த ரூமுக்கு இப்போது ஆபத்து.

ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. கூடவே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அவர் மனைவி வீட்டிலேயே கர்ட்டன் தைத்துக் கொடுப்பவள். மெஷின் ஹாலில். துணியும் ஹாலில். ஹாலில் ஒரு சோபா இருப்பதாகச் சொல்வார்கள், அதைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

"என்னங்க, கடைசி ரூமை எனக்கு விட்டுக் குடுங்களேன்."

"பெட்டி எங்கே போகும்?"

"அது எங்கயாவது போகாதான்னுதான் நானும் வேண்டிட்டிருக்கேன்."

பெட்டி என்று அவர்கள் பேசிக்கொண்டது பேஸ் கிடாருக்கான ஸ்பீக்கர் பெட்டியை. பீரோ உயரம், பீரோ கனம். போன கச்சேரியில் அதைத் தூக்கப் போய் டிரம்ஸ் வாசிக்கிற தம்பிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பாவம், முழுக் கச்சேரியையும் கோணலாக உட்கார்ந்தே வாசித்தான். குழுவை நடத்துகிற மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அண்ணே, சனிக்கிழமை கச்சேரிக்கு அந்த பீரோ வேணாம். சின்னதா ஒண்ணு வாங்குங்க. ஆனா சத்தம் குறையக் கூடாது."

பேஸ்காரர் வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தார். "கேபினட்டை மாத்தப் போறேன்!"

"மாத்துங்க. எனக்கு எந்த இலாகா?"

"மந்திரிசபை இல்லம்மா. ஸ்பீக்கர் கேபினட். பெரிசு போயிடும், சின்னது வரும்."

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் விஷயம் தீவிரம் என்று அர்த்தம். "சின்னது ஒண்ணு வரலாம். ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது பெட்டி இந்த வாசப்படியைத் தாண்டினா கடைசி ரூம் எனக்கு. சம்மதமா?"

"சம்மதம்!" என்றார். ஒரு பெட்டிக்கு மேல் எதற்கு என்ற தைரியம்.

கடைக்கு அவளும் கூடவே வந்தாள், கழுத்தில் டேப்போடு. கடைக்காரர் சின்னப் பெட்டிகளை வரிசையாக வைத்தார். பேஸ்காரர் வாசித்துப் பார்த்தார், அவள் அளந்து பார்த்தாள். பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட பெட்டி நன்றாக உறுமியது. "இடுப்பு பெரிசு," என்று அவள் தள்ளிவிட்டாள். பன்னிரண்டு இஞ்ச் பெட்டியில் மேல்தந்தி கேட்டது, அடித்தந்தி கொழகொழவென்று குழைந்தது. கடைசியாகப் பத்து இஞ்ச் பெட்டி ஒன்று. ஒரு கையால் தூக்கிவிடலாம். தந்தியைத் தொட்டதும் பளிச்சென்று பதில் சொன்னது. அவருக்கும் பிடித்தது, டேப்புக்கும் பிடித்தது. இப்படி இருவருக்கும் ஒன்றே பிடித்துப் பல வருஷமாகிறது.

அங்கேதான் கடைக்காரர் வாயைத் திறந்தார். "சார், இதோட மின்தடை எட்டு ஓம். தனியா வெச்சா உங்க ஆம்ப்ளிஃபையர் பாதி பலம்தான் குடுக்கும். இதே மாதிரி இன்னொண்ணு சேர்த்துட்டா நாலு ஓம். முழு பலமும் வந்துடும்."

"இருங்க," என்றாள் மனைவி. "எட்டும் எட்டும் சேர்ந்தா நாலா?"

"ஆமா மேடம். கணக்கு அப்படித்தான்."

"ரெண்டு சேர்ந்தா பாதியாகறது கல்யாணத்துல மட்டும்தான்னு நெனச்சேன். ஒண்ணு போதும், பில் போடுங்க."

பழைய பீரோ கடைக்கே போனது, சின்னது ஒன்றே வந்தது. ஒத்திகையில் வைத்து உயிரைக் கொடுத்து வாசித்தார். பாட்டு முடிந்ததும் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, ஆரம்பிக்கலாமா?"

"வாசிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்!"

"அப்படியா? காதுல விழலையே. சனிக்கிழமையும் இப்படின்னா கீபோர்டு தம்பியே இடது கையால பேஸையும் பார்த்துக்கட்டும்."

பேஸ்காரர் கிடாரை உறையில் போட்டு மூடினார். முதல் பெட்டியை ஒத்திகை இடத்திலேயே விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனார். இரண்டாவது பெட்டியை வாங்கினார். அதற்குள் மாஸ்டர் ஒத்திகை இடத்தைப் பூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பிவிட்டார், இனி சனிக்கிழமை காலையில்தான் திறப்பார். வீட்டைத் தவிரப் போக்கிடமில்லை. வழியில் சின்னதாக ஒரு மெத்தையும் ஒரு பூப்போட்ட துணியும் வாங்கினார். பெட்டியின் தலையில் மெத்தையைக் கட்டி, உடம்பெல்லாம் துணியைச் சுற்றி, வாசற்படியைத் தாண்டும்போது அவர் இதயம் டிரம்ஸ் தம்பியைத் தோற்கடித்தது.

"என்னது இது?"

"ஸ்டூல்மா. உனக்காக. தைக்கறப்போ முதுகு வலிக்குதுன்னியே."

"எனக்காகவா? நீங்களா?" அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு." எழுந்து, ஸ்டூலைச் சுவரோரமாகத் தள்ளினாள்.

"ஐயோ! சுவரோட ஒட்டாதே! பின்னாடி காத்து வேணும்!"

அந்தப் பெட்டிக்குப் பின்பக்கம்தான் ஓட்டை. அதை அடைத்தால் அடிச்சத்தம் மூச்சு முட்டும். பேஸ் வாசிக்கிறவன் தூக்கத்தில்கூட இதைச் சொல்வான். சொல்லியே விட்டார்.

"ஸ்டூலுக்கா?"

"உனக்கும்மா. உனக்குக் காத்தோட்டமா இருக்கட்டும்னு."

"சரிங்க," என்றாள்.

இந்தச் 'சரிங்க'வைக் கேட்டால் அனுபவப்பட்ட புருஷன் மூட்டையைக் கட்டுவான். நம்மாளோ பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டார். மறுநாளே அவள் ஸ்டூலுக்கு அழகாக உறை தைத்தாள், தரைவரை சுருக்கு வைத்து. பெட்டியை யாரும் பார்க்க முடியாது. 'நான் மறைச்சதை இவளே இன்னும் நல்லா மறைச்சுட்டாளே!' என்று பேஸ்காரர் கடைசி ரூமுக்குள் போய்ச் சத்தமில்லாமல் சிரித்தார்.

சனிக்கிழமை. அரைநாள் ஆபீஸ் முடிந்து ஓடி வந்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதுதான் திட்டம். அந்த ஸ்டூல்மேல் மனைவி உட்கார்ந்து நீளமான கர்ட்டன் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். கீழே வேன் ஹாரன் அடித்தது.

"ஏம்மா, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் தாயேன். மேடையில உக்கார வேணும்."

"நின்னுக்கிட்டுத்தானே வாசிப்பீங்க?"

"முட்டி வலி."

"பிளாஸ்டிக் சேரை எடுத்துட்டுப் போங்க. லேசா இருக்கும்."

ஹாரன்.

"அடுப்புல பால் பொங்குது பாரு!"

"அடுப்பே பத்த வைக்கலை."

"வாசல்ல யாரோ கூப்பிடறாங்க."

"உங்களைத்தான். வேன்காரர்."

"ஒரு நிமிஷம் எழுந்திரேன்!"

"எழுந்தா தையல் கோணிடும். நேர்த்தையல்."

மெஷின் கடகடவென்று ஓடியது. அந்தக் கர்ட்டனுக்கு முடிவே இல்லைபோல் இருந்தது. போன் அலறியது. மாஸ்டர். "அண்ணே, கிளம்பிட்டீங்களா? எல்லாம் ரெடி. பேஸ் கேக்கும்ல? இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, கீபோர்டு தம்பிகிட்ட சொல்லிடறேன்."

"கேக்கும், கேக்கும்," என்று போனை வைத்தார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

கண்ணெதிரே இருக்கிறது பெட்டி. அதன்மேல் இருக்கிறாள் மனைவி. வாயைத் திறந்தால் ரூம் போகும். திறக்காவிட்டால் பாட்டு முழுக்க அவர் தந்தியைத் தடவிக்கொண்டு நிற்க, கீபோர்டு தம்பியின் இடது கை அவர் பிழைப்பைப் பார்க்கும். ரூம் இருந்து, வாசிக்க இடமில்லாமல் போனால் அந்த ரூமுக்குள் போய் என்ன செய்வது? அழலாம். அழுவதற்குக் குளியலறை போதும்.

ஹாரன் இந்த முறை விடாமல் அடித்தது.

"நிறுத்தும்மா!" என்று கத்தியேவிட்டார். மெஷின் நின்றது. அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "நான் சொன்னது பொய். நீ உக்காந்திருக்கறது ஸ்டூலே இல்லை. ரெண்டாவது பெட்டி. ரூமை நீயே எடுத்துக்கோ, சாவியும் எடுத்துக்கோ. பெட்டியை மட்டும் குடுத்துடு தாயே!"

அவள் நிதானமாக நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்தாள். சுருக்கு வைத்த உறையைத் தலைவழியாக உருவினாள். உள்ளே சமையல்கட்டில் இருந்த பழைய மர ஸ்டூல், நாலு காலோடு நின்றது.

பேஸ்காரர் ஸ்டூலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி ஸ்டூலைப் பார்த்தார்.

"அப்ப... பெட்டி?"

"டிரம்ஸ் தம்பிக்கு நான்தான் போன் போட்டேன். காலையிலேயே வந்து எடுத்துட்டுப் போயிட்டான். ரெண்டும் கீழ வேன்லதான் இருக்கு, போய் நல்லா வாசிங்க. அதுக்கு முன்னாடி இந்த மெஷினை ஒரு கை பிடிங்க, கடைசி ரூம்ல வெச்சுடலாம்."