லூப்பைக் கண்டால் ஆகாத ஸ்ட்ரீம்

ஜாவா புரோகிராமில் யாராவது லூப் எழுதினால் எழுதியவரிடம் துக்கம் விசாரிக்கிற மனிதர், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ஸ்ட்ரீம் என்றே பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பட்டியல் தயாரிக்க நாங்கள் லூப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வேண்டியதைச் சேர்ப்போம். அவரோ ஸ்ட்ரீம் என்ற கட்டளையில் தொடங்கி, வேண்டாததை வடிகட்டி, ஒரே வரியில் முடித்துவிடுவார். அதோடு விட்டாரா? அடுத்தவர் மேசைக்கும் வந்து நிற்பார். "ஏழு வரியா அக்கா? பாவம்லா நீங்க."

வாழையிலைக் கடையிலும் இதே தொல்லை. "அண்ணே, ஒவ்வொரு கறியா வேணுமா வேணுமான்னு கேக்காதீங்க. பாகற்காய ஃபில்டர் பண்ணிட்டு மிச்சத்த இலையில கலெக்ட் பண்ணுங்க."

பரிமாறுபவர் வாளியோடு நின்றார். "பாஸ், சாம்பார் ஊத்தவா வேணாமா?"

பிள்ளைகளை வளர்க்கப் பத்து வருடம் வீட்டிலிருந்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் வேலைக்குத் திரும்பியவள் நான். தகுதிகாண் காலம் முடிய ஒரு வாரம் இருந்தது. நிரந்தரமாக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று எனக்குப் பயம். ஸ்ட்ரீமிடமாவது நல்ல பெயர் வாங்கலாம் என்று, கிள்ளான் கிடங்கிலிருந்து கிளம்பும் லோரிகளின் பட்டியலைத் தயாரிக்கும் புரோகிராமில் இருந்த என் லூப்பைத் தூக்கிவிட்டு அவர் பாணியில் எழுதினேன். அவர் மூன்று தடவை படித்தார். "அழகுலா அக்கா," என்று அப்ரூவ் அழுத்தினார்.

மறுநாள் காலை கிடங்கில் ஒரு லோரியும் நகரவில்லை. நான் எழுதிய விதத்தில் ஸ்ட்ரீம் கட்டளை தரும் பட்டியல் பூட்டிய பெட்டி மாதிரி. பிறகு அதில் எதையும் சேர்க்க முடியாது. சத்தியமாக எனக்கு அது தெரியாது. நாலு வரி கீழே, காப்பாருக்குப் போகும் கடைசி லோரியைச் சேர்க்கப் போன இடத்தில் புரோகிராம் படுத்துவிட்டது.

மேனேஜர் வந்தார். "யாரு இத மாத்துனது?"



"எழுதுனது அக்கா. சரின்னு அனுப்புனது நான்," என்றார் ஸ்ட்ரீம். "மூணு வாட்டி படிச்சும் என் கண்ணுல படல. வார்னிங் லெட்டர் கொடுக்கறதா இருந்தா எனக்குக் கொடுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, என் பழைய ஏழு வரி லூப்பைத் தன் கையாலேயே திரும்பப் போட்டார். கசாயம் குடிக்கிற முகம். லோரிகள் கிளம்பின.

அவருக்கு எச்சரிக்கைக் கடிதமும் எனக்கு நிரந்தரக் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவர் தன்னுடையதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, என்னுடையதை வாங்கி வரிவரியாகப் படித்தார்.

"வீட்டுல பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டீங்களா அக்கா?"

இன்னும் சொல்லவில்லை. அவரிடம்தான் முதலில் காட்டத் தோன்றியது.