இருபத்தொன்பதாம் தேதி விவாகரத்தும் உங்கள் வரிப் பக்கமும்

மதிப்பிற்குரிய நாளிதழ் வருமான வரிப் பக்க ஆசிரியர் திரு. ஹாலோவெல் அவர்களுக்கு,

நான் ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். தாங்கள் நலமாக இருப்பீர்கள், நான் இல்லை.

ஆறு வருடங்களுக்கு முன் நானும் என் மனைவியும் பிரிந்துவிடுவதென்று முடிவு செய்து, வக்கீலுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டோம். அந்த வாரம் பார்த்து நீங்கள் எழுதினீர்கள்: டிசம்பர் 31 அன்று மணவாழ்க்கையில் இருப்பவர், வரிக்கணக்கில் அந்த வருடம் முழுவதும் மணமானவர்தான், தம்பதியாகச் சேர்ந்து தாக்கல் செய்தால், ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் வரி குறையும் என்று. சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான். தள்ளிப்போட்டோம். ஜனவரியில் ஒஹாயோ பனியில் கோர்ட்டுக்கு யார் போவது? ஏப்ரலில் வரிப் படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம், கோடையில் கூரை ஒழுகியது, அதைச் சரிசெய்வதற்குள் மறுபடி டிசம்பர் வந்துவிட்டது. இப்படியே ஆறு தடவை.

இந்த நவம்பரில் என்ன எழுதினீர்கள்? "வரிக்காக வாழ்க்கையை நடத்தாதீர்கள்." அவள் அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். என்னிடம் வாங்கிய ஏணியை நாலு வருடமாகத் திருப்பித் தராத வக்கீல் லிண்ட்க்விஸ்ட், இதற்கு மட்டும் சுறுசுறுப்பாக கோர்ட்டில் விவாகரத்துக்கு டிசம்பர் 29-ஆம் தேதியை வாங்கிவிட்டார்.

இருபத்தாறு வருடம் இயற்பியல் கற்பித்தவன் நான். "தனி ஆளா தாக்கல் பண்ணா இருபத்திரண்டு சதவீதத்துக்கு ஏறிடுவேன், மொத்தச் சம்பளமும் போச்சு" என்றேன் அவளிடம்.

"உளறாதீங்க வாத்தியாரே. வரம்புக்கு மேல போற தொகைக்குத்தான் இருபத்திரண்டு. கீழ இருக்கறதுக்குப் பத்தும் பன்னிரண்டும்தான். மிஞ்சிப்போனா மூவாயிரத்து ஐநூறு டாலர் கூட ஆகும்."

"உனக்கு அது சின்னத் தொகையா?"

"சரி, அதை நானே தந்துடறேன். இன்னும் வேற என்ன காரணம்? சொல்லுங்க."

பிள்ளைகளையோ பெற்றோரையோ காப்பாற்றும் தனி ஆளுக்கான 'குடும்பத் தலைவர்' என்ற பிரிவில் தாக்கல் செய்தால் வரி குறையுமே என்று பேச்சை மாற்றினேன்.

"யாரைக் காப்பாத்தற தலைவர்? நம்ம வீட்டுப் பூனையையா?"

ஆகவே, 29-ஆம் தேதிக்கு முன் உங்கள் நவம்பர் அறிவுரைக்கு மறுப்பு வெளியிட வேண்டும். வரியைவிடப் பெரிய காரணம் உலகத்தில் எதுவும் இல்லை என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.

தங்கள் குடும்பத்தாருக்கு என் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

பி.கு.: கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அந்தப் பணமும் என்னிடம் இருக்கிறது. ஆக, நான் தள்ளிப்போட்டதற்குக் காரணம் வரி இல்லை. மறுப்பு வேண்டாம், இந்தக் கடிதத்தை அப்படியே போட்டுவிடுங்கள். காலையில் அவள் முதலில் பிரிப்பது உங்கள் பக்கத்தைத்தான். பெயர் போட்டால் ஊருக்கே தெரியும். கையெழுத்து இல்லாமல் தபாலில் சேர்க்கிறேன். அவள் ஒருத்திக்குத் தெரிந்தால் போதும்.